எலக்ட்ரானைப் பகிர்ந்தால் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

தம்பி, பர்மாவில் முடோன் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. மோல்மேனில் முப்பது வருடத்துக்கு மேல் இதே பாடத்துக்கு டியூஷன் எடுத்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கரும்பலகையும் சாக்பீஸ் தூளும் கண்முன் வந்துவிட்டன. நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

ஹைட்ரஜன் மூலக்கூறு பாடம் நடக்கும்போது ஒரு பெண் எழுந்து, "சயா (ஆசிரியரே), மைனஸும் மைனஸும் தள்ளும் என்று போன வாரம் சொன்னீங்க. இன்னைக்கு ரெண்டு எலக்ட்ரானைப் பக்கத்துல பக்கத்துல வச்சா அணு ஒட்டிக்கும்னு சொல்றீங்க. தள்ளத்தானே செய்யணும்?" என்று கேட்டிருக்கிறாள். வெளிக்கூடு நிரம்ப வேண்டும் என்று அணு விரும்புகிறது என நீங்கள் சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை. அப்புறம் பால் வெட்டுகிறவர் மகன் ஒருவன், "ரப்பர் பால்ல ஆசிட் ஊத்துனா கட்டியாகுதே, அதுவும் இந்தப் பிணைப்புதானா?" என்று கேட்டிருக்கிறான். இரண்டுக்கும் விளக்கம் வேண்டும் என்கிறீர்கள்.

அந்தப் பெண்ணிடம் முதலில், அவள் கேட்டது சரியான கேள்வி என்று வகுப்பு முன்னால் சொல்லுங்கள். 1916க்கும் 1927க்கும் இடையே உலகத்தின் பெரிய வேதியியலாளர்கள் பலருக்கும் இருந்த சந்தேகம் அது. "அணு விரும்புகிறது" என்ற பதிலை அவள் ஏற்காததும் சரிதான். அணுவுக்கு விருப்பம் கிடையாது. அங்கே இருப்பது மின்விசையும் எலக்ட்ரானின் இயல்பும் மட்டுமே. அந்த இரண்டையும் வைத்தே பதில் சொல்ல முடியும், அதுவும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி.

குழப்பத்தில் பாதி "பகிர்தல்" என்ற சொல்லிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், பள்ளியில் விளக்கம் பர்மியத்தில், வீட்டில் பேச்சு தமிழில். மூன்றுக்கும் நடுவில் ஒரு சொல் கைமாறும்போது அதன் பொருள் கொஞ்சம் சிந்திப்போகிறது. (பர்மியத்தில் வேதியியலுக்குத் தாதுபேத என்று பெயர். தாது, வேதம் என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் முகம் மலரும்.) வீட்டில் பகிர்வது என்றால் ஒரு வடையைப் பிட்டு ஆளுக்குப் பாதி கொடுப்பது. பகிர்ந்தபின் ஒவ்வொருவருக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், பகிர்ந்தவர்கள் அவரவர் வழியே போய்விடலாம். அணுக்களிடம் நடப்பது அது அல்ல. அங்கே எதுவும் பாதியாவதில்லை. ஒரே எலக்ட்ரான் ஒரே நேரத்தில் இரண்டு கருவின் இழுப்பிலும் மாட்டிக்கொள்கிறது. இரண்டு கருவும் அதை இழுக்கின்றன, அதுவும் இரண்டு கருவையும் இழுக்கிறது. நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் தன்னை நோக்கி இழுக்கும் அந்த எலக்ட்ரான்தான் பிணைப்பு.

இதை வாயால் சொன்னால் போதாது, கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான்தான், ஆகவே கரும்பலகையில் இரண்டு புரோட்டான்களை 2 அலகு இடைவெளியில் வரையுங்கள். நடுவில் சரியாக ஒரு எலக்ட்ரானை வையுங்கள். மின்விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்ற கூலோம் விதியைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். புரோட்டான்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும் விசை, தூரம் 2 என்பதால், நான்கில் ஒரு பங்கு. எலக்ட்ரான் ஒவ்வொரு புரோட்டானையும் இழுக்கும் விசை, தூரம் 1 என்பதால், முழுசாக ஒரு பங்கு. தள்ளுவதைப்போல நான்கு மடங்கு இழுப்பு! ஒரே ஒரு எலக்ட்ரானை வைத்தே இவ்வளவு.

இப்போது அதே எலக்ட்ரானை அழித்துவிட்டு, இடது புரோட்டானுக்கு இடப்பக்கம் 1 அலகு தள்ளி வையுங்கள். அது இடது புரோட்டானை இடப்பக்கமாக 1 பங்கு விசையோடு இழுக்கும். வலது புரோட்டான் 3 அலகு தூரத்தில் இருப்பதால் அதை ஒன்பதில் ஒரு பங்கு விசையோடுதான் இழுக்கும். முன்னால் இருப்பதை வேகமாகவும் பின்னால் இருப்பதை மெதுவாகவும் இழுத்தால் இரண்டும் விலகத்தானே செய்யும்? ஆக, எலக்ட்ரான் கருக்களுக்கு நடுவில் இருந்தால் சேர்த்துவைக்கிறது, முதுகுப் பக்கம் போனால் பிரித்துவைக்கிறது. இந்த ஒரு படத்தைப் பிள்ளைகள் மனதில் பதித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நான் வருடக்கணக்காக எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகப் போட்டுப் பாடம் நடத்திவிட்டு, ரொம்பப் பின்னால்தான் இந்தப் படத்துக்கு வந்தேன். முதல் வகுப்பிலேயே இதை வரைந்திருக்க வேண்டும்.

சரி, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவது என்ன ஆயிற்று? தள்ளத்தான் செய்கின்றன. ஆனால் அவை தள்ளுவது ஒன்றையொன்று, கருக்களை அல்ல. இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருப்பதில்லை. கருக்களைச் சுற்றியும் நடுவிலும் பரவிய ஒரு மேகமாக இருக்கின்றன. ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது மற்றது பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும்படி ஒன்றுக்கொன்று வழிவிட்டே புழங்குகின்றன. தள்ளலால் ஆற்றலில் கொஞ்சம் நஷ்டம் உண்டு, ஆனால் இரண்டு கருக்களும் இரண்டு எலக்ட்ரான்களையும் இழுப்பதால் வரும் லாபம் அதைவிடப் பெரிது. லாபம் நஷ்டம் என்றே சொல்லுங்கள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பிணைப்புக்கு ஜோடி எலக்ட்ரான் கட்டாயம் வேண்டுமா? வேண்டாம். இதற்கு உறுதியான சாட்சி ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இரண்டு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். அது சிதறுவதில்லை, சேர்ந்தே நிற்கிறது. மின்னிறக்கக் குழாய்க்குள் அளந்திருக்கிறார்கள், விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜன்மேல் மோதும் இடங்களிலும் அது உண்டாகிறது. சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறில் கருக்களின் இடைவெளி 74 பிக்கோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு பிக்கோமீட்டர். இந்த ஒற்றை எலக்ட்ரான் மூலக்கூறில் இடைவெளி 106 பிக்கோமீட்டர். பிணைப்பை உடைக்க முதலாவதுக்கு மோலுக்கு 436 கிலோ ஜூல் ஆகும், இரண்டாவதுக்குச் சுமார் 256. ஒரு எலக்ட்ரான் போனபிறகும் பாதிக்கு மேல் வலிமை இருக்கிறது என்றால், வேலை செய்வது ஜோடி என்ற எண்ணிக்கை அல்ல, எலக்ட்ரான் நிற்கும் இடம்தான் என்று தெரிகிறது இல்லையா?

436 கிலோ ஜூல் என்பதைப் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணாக விட்டுவிடாதீர்கள். ஒரு மோல், அதாவது 2 கிராம், ஹைட்ரஜன் வாயுவில் உள்ள பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க ஆகும் ஆற்றல் அது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஆகும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு கிராமுக்கு ஒரு கெட்டில் தண்ணீர்.

அடுத்து அந்தப் பெண் இப்படிக் கேட்கக்கூடும்: இழுப்புத்தான் நான்கு மடங்கு ஆயிற்றே, ஏன் கருக்கள் மோதிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிடவில்லை? கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எலக்ட்ரானை ஒரு புள்ளியாக வைத்தது கணக்குப் புரிவதற்காக. உண்மையில் அது அலைபோலப் பரவியிருக்கும் பொருள். அதைச் சின்ன இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் எகிறும். கருக்கள் நெருங்க நெருங்க நடுவில் எலக்ட்ரானுக்கு இடம் சுருங்குகிறது, கருக்களின் தள்ளலும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இழுப்பும் நெருக்கடியும் சமமாகின்றன. ஹைட்ரஜனுக்கு அந்தச் சமநிலை 74 பிக்கோமீட்டரில் வருகிறது. அதற்குள் அமுக்கினால் விலகும், அதற்கு வெளியே இழுத்தால் திரும்பும். மூலக்கூறு அந்த அளவைச் சுற்றி ஸ்பிரிங் போல அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

அதே அலைத்தன்மை பிணைப்பு உண்டாவதற்கும் காரணம். இரண்டு அணுக்களின் எலக்ட்ரான் அலைகள் நடுவில் சந்திக்கும்போது ஒன்றோடொன்று கூடலாம், அல்லது ஒன்றையொன்று அழிக்கலாம். அலையின் உயரத்தை வர்க்கப்படுத்தினால்தான் எலக்ட்ரான் அங்கே இருக்கும் அடர்த்தி வரும். 1ம் 1ம் தனித்தனியாக இருந்தால் அடர்த்தியின் கூட்டு 2. அலைகள் முதலில் கூடி 2 ஆகிப் பிறகு வர்க்கமானால் 4. நடுவில் அடர்த்தி ஏறுகிறது, கருக்கள் சேர்கின்றன. அலைகள் எதிரெதிராக வந்தால் நடுவில் பூஜ்யம், எலக்ட்ரான் முதுகுப்பக்கம் ஒதுங்குகிறது, கருக்கள் பிரிகின்றன. முதலாவதைப் பிணைப்பு நிலை என்றும் இரண்டாவதை எதிர்ப்பிணைப்பு நிலை என்றும் சொல்கிறோம். (ஆற்றல் கணக்கின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால்: இரண்டு கருக்களைச் சுற்றியும் புழங்க இடம் கிடைப்பதால் எலக்ட்ரானின் நெருக்கடி தளர்வதே முதல் படி, அதன்பின் மேகம் கருக்களை ஒட்டிச் சுருங்குகிறது என்று கார்ல் ரூடன்பெர்க் 1962இல் காட்டினார். இது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு வேண்டாம்.)

இரண்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஒரு நிலையில் இரண்டு எலக்ட்ரான்தான் இருக்க முடியும், அதுவும் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தால் மட்டும். இது பௌலியின் விதி. ஹைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களும் பிணைப்பு நிலையில் உட்கார்ந்துவிடும், இடம் சரியாகப் போயிற்று. இரண்டு ஹீலியம் அணுக்களைச் சேர்த்தால் மொத்தம் நான்கு எலக்ட்ரான். முதல் இரண்டு பிணைப்பு நிலையில், மிச்சம் இரண்டும் எதிர்ப்பிணைப்பு நிலையில். சேர்த்ததைப் பிரித்துவிடுகிறது, ஹீலியம் தனித்தனியாகவே திரிகிறது. "ஹீலியத்துக்குக் கூடு நிரம்பிவிட்டது, அதனால் அதற்கு வேண்டாம்" என்று சொல்வதைவிட இது எவ்வளவு தெளிவு பாருங்கள்.

புள்ளி போட்டு வரைவதை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நல்ல கருவி, அதைத் தந்தவரும் பெரிய மனிதர். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த கில்பர்ட் லூயிஸ், 1916இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரண்டு அணுக்களுக்குப் பொதுவான ஒரு ஜோடி எலக்ட்ரானே பிணைப்பு என்று சொன்னார். அப்போது எலக்ட்ரானைக் கண்டுபிடித்தே இருபது வருடம்கூட ஆகவில்லை. குவாண்டம் இயக்கவியல் பிறக்கவே இல்லை. ஜோடி ஏன் சேர்த்துவைக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் அமைப்பு அந்த ஒரு ஊகத்தில் அடங்கியது. 1919இல் இர்விங் லாங்மியூர் அதற்கு ஆங்கிலப் பெயர் வைத்தார். நாம் சகப்பிணைப்பு என்கிறோம். காரணம் 1927இல்தான் வந்தது. சூரிச்சில் இருந்த வால்டர் ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இரண்டு இளைஞர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் குவாண்டம் கணக்குப் போட்டார்கள். ஒரு நாள் நன்றாகத் தூங்கிச் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் எழுந்தபோது இரண்டு அலைகளும் சேரும் படம் கண்முன் தெளிவாக நின்றதாக ஹைட்லர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடித்ததே இல்லை.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்ப வேண்டும் என்ற கணக்கையும் அதற்குரிய இடத்தில் வையுங்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின் வரிசையில் எலக்ட்ரான் நிரம்புவதற்கு நான்கு நிலைகள் உண்டு, நிலைக்கு இரண்டு, மொத்தம் எட்டு. அது நடந்து முடிந்ததைச் சரிபார்க்கும் கணக்கு, நடப்பதற்குக் காரணம் அல்ல. போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான் மொத்தம் பதினொன்று, ஒற்றைப்படை, எப்படிப் பிரித்தாலும் எட்டு எட்டாக வராது. எட்டு நிரம்பிய செனான் எதனோடும் சேராது என்று பெரும்பாலானோர் நம்பியிருந்தபோது 1962இல் நீல் பார்ட்லெட் அதைச் சேர்மமாக்கிக் காட்டினார். ஆக்சிஜனிலோ புள்ளிப்படமே தோற்றுப்போகிறது. இரட்டைப் பிணைப்புப் போட்டு எல்லா எலக்ட்ரானையும் ஜோடியாக வரைவோம். ஆனால் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகிவிட்ட ஆக்சிஜனைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே தொங்கி நிற்கும். ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தால்தான் அப்படி நடக்கும். எதிர்ப்பிணைப்பு நிலைகள் இரண்டில் ஆளுக்கொன்றாக இரண்டு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கின்றன, அலை வழிக் கணக்குப் போட்டால் இது தானே வந்து விழுகிறது.

சமமில்லாத பகிர்வைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவில் மேகம் சரிபாதியாக நிற்கும். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் ஆக்சிஜன் பக்கம் சாயும். எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு லினஸ் பாலிங் வகுத்த அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, ஆக்சிஜன் 3.44. அதனால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் முனை கொஞ்சம் மைனஸாகவும் ஹைட்ரஜன் முனைகள் கொஞ்சம் பிளஸாகவும் இருக்கின்றன. சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவில் மேகம் கிட்டத்தட்ட முழுசாகக் குளோரின் பக்கம் போய்விடும், அதை அயனிப் பிணைப்பு என்கிறோம். இடையில் சுவர் கிடையாது, ஒரு சரிவுதான். மோகோக் சுரங்கத்துக் கெம்புக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அங்கங்கே சில அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் உட்கார்ந்து சிவப்பைத் தருகிறது. அலுமினியம் 1.61, ஆக்சிஜன் 3.44. முழுப் பகிர்வும் அல்ல, முழு ஒப்படைப்பும் அல்ல, அந்தச் சரிவின் நடுவே எங்கோ நிற்கிறது.

இன்னொரு தவறான பேச்சையும் வகுப்பில் வளரவிடாதீர்கள்: "பிணைப்பை உடைத்தால் சக்தி வெளியே வரும்." வராது. உடைக்க எப்போதும் செலவுதான், சேரும்போதுதான் வரவு. கரி அடுப்பை வைத்தே காட்டலாம். 12 கிராம் கரி எரிகிறது என்று வையுங்கள். கரியின் கார்பன் அணுக்களைப் பிரித்தெடுக்க 717 கிலோ ஜூல் செலவு. ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்க 498 செலவு. கார்பன் டை ஆக்சைடின் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டாகும்போது 1,609 வரவு. கழித்துப் பாருங்கள், 394 மிச்சம். அம்மா சோறு வடிக்கும் சூடு அதுதான். காற்றில் நைட்ரஜன் ஐந்தில் நான்கு பங்கு இருந்தும் அடுப்பில் அது ஏன் எரிவதில்லை என்று கேட்டால், அதன் மூன்று ஜோடிப் பிணைப்பை உடைக்கும் செலவு 945, அந்தச் செலவு எளிதில் கட்டுப்படியாகாது என்று சொல்லுங்கள்.

இனி ரப்பர். அந்தப் பையனின் கேள்விக்கு நேர்ப் பதில்: இல்லை, ஆசிட் ஊற்றிப் பால் கட்டியாவது சகப்பிணைப்பு உண்டாவதால் அல்ல. ஆனால் அவன் கேட்டது வீண் அல்ல, ரப்பரில் பிணைப்பின் கதை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

என் அப்பாவும் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். மரத்தில் வெட்டின கோட்டின் வழியே இறங்கிக் கப்பில் சொட்டுவது பார்க்கப் பசும்பால் மாதிரியே இருக்கும், விரலில் தொட்டுத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் நூல் நூலாகச் சுருளும். அந்தப் பாலில் ரப்பர் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு போர்வை. அந்தப் போர்வையில் மைனஸ் மின்னூட்டம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. ஃபார்மிக் ஆசிட்டை ஊற்றினால் அதிலிருந்து வரும் பிளஸ் ஹைட்ரஜன் அயனிகள் போர்வையின் மைனஸைத் தீர்த்துவிடுகின்றன. தள்ளுவதற்கு ஆளில்லை, உருண்டைகள் மோதி ஒட்டிக் கட்டியாகின்றன. அதைத் தட்டிலிருந்து எடுத்து உருளையில் விட்டுச் சீட்டாக்கிப் புகை போட்டுக் காயவைக்கிறோம். ஆசிட் படாமலே கப்பில் தானாக உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலும் இதேபோலத்தான், அங்கே கிருமிகள் ஆசிட்டை உண்டாக்குகின்றன. எங்கும் ஒரு அணுவும் இன்னொரு அணுவோடு புதிதாக எலக்ட்ரானைப் பகிரவில்லை.

சகப்பிணைப்பு வேலை அதற்கு முன்பே மரத்துக்குள் முடிந்துவிட்டது. ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்ட ஐசோபிரீன் என்ற துண்டை ஆயிரக்கணக்கில், சில சங்கிலிகளில் பத்தாயிரத்துக்கும் மேல், மரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவைத்திருக்கிறது. கோத்திருக்கும் நூல்தான் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே நிற்கும் எலக்ட்ரான் ஜோடி. துண்டுக்கு ஒன்றாக ஒரு இரட்டைப் பிணைப்பும் மிச்சம் இருக்கிறது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் சுழலலாம், இரட்டைப் பிணைப்பில் முடியாது. அதனால் சங்கிலி எந்தப் பக்கம் வளைந்து பிறந்ததோ அப்படியே நிற்கும். ரப்பரில் சங்கிலியின் இரு கையும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கட்டாபெர்ச்சா என்ற இன்னொரு மரத்தின் பாலில் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் கைகள் எதிரெதிர்ப் பக்கத்தில். அந்தச் சங்கிலிகள் நேராக அடுக்கிக்கொள்வதால் அது அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும், இழுபடாது. எலக்ட்ரான் ஜோடி நிற்கும் திசை ஒன்று மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது இடம் தொழிற்சாலை. காய்ந்த சீட்டைச் சித்திரை வெயிலில் போட்டால் பிசுபிசுக்கும், இழுத்தால் நீளும், ஆனால் முழுசாகப் பழைய அளவுக்குத் திரும்பாது. சங்கிலிகள் நூல்கண்டு மாதிரி ஒன்றோடொன்று சிக்கித்தான் கிடக்கின்றன, கட்டுப்படவில்லை. மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் இந்தக் குறை தீர்வதைக் கண்டார். கந்தகம் சாதாரணமாக எட்டு அணு சேர்ந்த வளையமாக இருக்கும். சூட்டில் வளையம் அறுந்து, இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடங்களில் ஒரு சங்கிலியையும் பக்கத்துச் சங்கிலியையும் கந்தகப் பாலம் போட்டு இணைக்கிறது. இந்த முறை நடப்பது உண்மையான சகப்பிணைப்பு, கார்பனுக்கும் கந்தகத்துக்கும் நடுவில் பொது எலக்ட்ரான் ஜோடி. கந்தகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருந்தால் டயர், டியூப். முப்பது பங்கு வரை ஏற்றினால் பாலங்கள் நெருங்கி எபனைட் என்ற கல் மாதிரிப் பொருள். பாலம் போட்ட ரப்பரை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. பழைய டயரை உருக்காமல் செருப்பாக வெட்டித் தைக்கிறார்களே, காரணம் அதுதான்.

இதை வகுப்பில் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டாம். மூடியுள்ள இரண்டு கண்ணாடி ஜாடி, கொஞ்சம் பெட்ரோல் போதும். ஒன்றில் காய்ந்த சீட்டிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு, மற்றதில் புதிய ரப்பர் பேண்ட். நெருப்பு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத வெளித்திண்ணையில், மூடியை இறுக்கி, பிள்ளைகள் கை வைக்காதபடி நீங்களே செய்யுங்கள். இரண்டு மூன்று நாளில் சீட்டுத் துண்டு பருத்து உருவம் கரைந்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் மாதிரிக் கோழையாகும். சங்கிலிகளைப் பெட்ரோல் ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போகிறது. ரப்பர் பேண்டும் பருக்கும், கொழகொழவென்று ஆகும், ஆனால் வளையமாகவே கிடக்கும். குச்சியால் எடுத்து நிழலில் காற்றுப்பட ஒரு நாள் வைத்தால் பெட்ரோல் பறந்து பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒன்று ஏன் கரைந்தது, மற்றது ஏன் கரையவில்லை என்று அந்தப் பையனையே முதலில் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்ணைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, ஒரு கந்தகப் பாலத்தை வரைந்து, சேர்த்துவைக்கும் எலக்ட்ரான்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள்.